வெள்ளை ஆடும் பூனைப் படமும்: ஐரோப்பியத் தீவிர வலதுசாரிகள் வாக்குக் கேட்கும் விதம்

2007-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாடாளுமன்றத் தேர்தலின்போது ஊர் ஊராக ஒரு சுவரொட்டி ஒட்டப்பட்டது. சிவப்பு நிற சுவிஸ் கொடியின் மேல் மூன்று வெள்ளை ஆடுகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று பின்னங்காலால் ஒரு கறுப்பு ஆட்டை உதைத்துக் கொடிக்கு வெளியே தள்ளுகிறது. 'பாதுகாப்பை உருவாக்குவோம்' என்று ஒரு வரி. வெளியிட்டது சுவிஸ் மக்கள் கட்சி. குற்றம் செய்த வெளிநாட்டவரை நாடு கடத்த வேண்டும் என்ற தங்கள் கோரிக்கைக்காக அதை அச்சடித்திருந்தார்கள். சூரிச்சிலும் பெர்னிலும் வேலைக்குப் போய்வந்த ஈழத் தமிழர்களும் அந்த ஆட்டைத் தினமும் கடந்துதான் போனார்கள்.

எதிர்ப்பு பொங்கியது. இனவெறி தொடர்பான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் சுவிஸ் அரசிடம் விளக்கம் கேட்டார். கட்சியோ பதறவில்லை. ஜெர்மன் பேச்சு வழக்கில் கறுப்பு ஆடு என்றால் கூட்டத்தைக் கெடுப்பவன் என்று பொருள், தோலின் நிறத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டது. (தமிழிலும் அப்படித்தான் சொல்கிறோம், ஆகவே இந்தப் பதிலை எளிதில் தள்ளிவிட முடியாது. அதுதான் இதிலுள்ள சாமர்த்தியம்.) படத்தைப் பார்த்து மகிழ வேண்டியவர் மகிழ்ந்தார், கோபப்பட்டவரைப் பார்த்து 'நீங்களாகக் கற்பனை செய்துகொள்கிறீர்கள்' என்று சொல்லவும் முடிந்தது. அந்தத் தேர்தலில் கட்சி சுமார் 29 சதவீத வாக்குகளுடன் முதலிடம் பெற்றது.

ஐரோப்பாவின் தீவிர வலதுசாரி தேசியவாதக் கட்சிகளுடைய பிரசார முறையில் பாதியை இந்த ஒரு படத்தை வைத்தே விளக்கிவிடலாம். மீதிப் பாதி இதற்கு நேர் எதிரானது. அதில் உதைக்கும் ஆடு கிடையாது, வளர்ப்புப் பூனைகள் உண்டு. முதலில் இவர்கள் யார் என்பதைப் பார்த்துவிடுவோம்.

எங்கே கோடு போடுவது?

இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் அறிஞர் நெதர்லாந்தைச் சேர்ந்த காஸ் மூடே. அவர் ஒரு கோடு போடுகிறார். தேர்தலையும் மக்களாட்சியையுமே நிராகரிப்பவர்கள் அதிதீவிர வலதுசாரிகள். பழைய பாசிசவாதிகளும் நாஜிகளும் அந்தப் பக்கம். தேர்தலை ஏற்றுக்கொண்டு, ஆனால் சிறுபான்மையினர் உரிமை, நீதிமன்றத்தின் சுதந்திரம், அதிகாரப் பிரிவினை போன்ற தடுப்புகளை மட்டும் வெறுப்பவர்கள் தீவிர வலதுசாரிகள். இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது. நடைமுறையில் கோட்டின் இரு பக்கமும் கால் வைத்திருப்பவர்கள் உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இவர்களிடம் மூடே காணும் பொதுக் கூறுகள் மூன்று. நாடு மண்ணின் மைந்தருக்கே உரியது, வந்தேறிகள் ஆபத்து என்பது முதலாவது. சட்டம் ஒழுங்கைக் கடுமையாக நிலைநாட்ட வேண்டும் என்பது அடுத்தது. 'கெட்டுப்போன மேட்டுக்குடி ஒரு பக்கம், நேர்மையான சாமானிய மக்கள் மறுபக்கம்' என்று சமூகத்தை இரண்டாகப் பிரித்துப் பேசும் வெகுஜனவாதம் மூன்றாவது. பொருளாதாரக் கொள்கை இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வரியைக் குறைப்போம் என்று ஒரு பத்தாண்டு பேசிவிட்டு, அடுத்த பத்தாண்டில் ஓய்வூதியத்தைக் காப்போம் என்று இவர்களால் கூச்சமின்றித் திரும்ப முடிவது அதனால்தான்.

சத்தம் போட்டு உள்ளே நுழைவது

புதிய கட்சிக்குப் பணம் இருக்காது, தொலைக்காட்சி அழைக்காது. அப்படிப்பட்ட கட்சி ஊர் முழுக்கத் தன்னைப் பற்றிப் பேசவைக்க மலிவான வழி, பிறரைக் கோபப்படுத்துவது.

சுவீடன் ஜனநாயகக் கட்சியினர் 2010-இல் ஒரு விளம்பரப் படம் எடுத்தார்கள். அரசு நிதியைப் பெற ஒரு முதிய பெண் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடக்கிறார். பின்னாலிருந்து, குழந்தை வண்டிகளைத் தள்ளிக்கொண்டு பர்தா அணிந்த பெண்கள் கூட்டமாக அவரை முந்த ஓடிவருகிறார்கள். டிவி4 அலைவரிசை இதை அப்படியே ஒளிபரப்ப மறுத்தது. உடனே 'எங்கள் வாயை அடைக்கிறார்கள்' என்ற கூக்குரல் எழுந்தது. படம் யூடியூபில் பரவியது. தொலைக்காட்சியில் காசு கொடுத்து ஓட்டியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய கவனத்தைவிட, தடை அதிகக் கவனத்தைத் தேடித் தந்தது. அந்தத் தேர்தலில் 5.7 சதவீதம் பெற்று, 20 உறுப்பினர்களுடன் கட்சி முதல் முறையாக நாடாளுமன்றத்தில் நுழைந்தது. அங்கே 4 சதவீதம் எடுத்தாலே கதவு திறந்துவிடும்.

ஆஸ்திரிய மொழியியலாளர் ரூத் வோடாக் இதை ஒருமுறை தள்ளிவிட்டால் நிற்காமல் தானே சுற்றும் இயந்திரம் என்கிறார். அதன் சுற்று இதுதான்: வேண்டுமென்றே ஒரு வரம்பு மீறல், அதற்குக் கண்டனம், 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்ற மறுப்பு, 'எங்களை வேட்டையாடுகிறார்கள்' என்ற புலம்பல், பேருக்கு ஒரு வருத்தம், பிறகு அடுத்த மீறல். இதற்கிடையே மற்றக் கட்சிகளின் வரிக் கொள்கையோ மருத்துவத் திட்டமோ யார் காதிலும் விழாது.

2009-இல் சுவிட்சர்லாந்தில் பள்ளிவாசல்களில் மினார் கட்டத் தடை கோரிப் பொது வாக்கெடுப்பு நடந்தது. கொடியைத் துளைத்துக்கொண்டு ஏவுகணைகள் போல மினார்கள் எழுவதும், முன்னால் முகம் மூடிய ஒரு பெண் நிற்பதும் சுவரொட்டியாக வந்தது. பாசெல், லொசான் போன்ற நகரங்கள் அதைத் தடை செய்தன. பத்திரிகைகள் தடைச் செய்தியோடு படத்தையும் அச்சிட்டன. அப்போது நாடு முழுவதிலும் இருந்த மினார்கள் நான்கே நான்கு. 57.5 சதவீதத்தினர் தடைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். நாலு கோபுரங்களைப் பற்றி ஒரு நாட்டையே மாதக்கணக்கில் பேசவைத்ததைத்தான் நான் வெற்றி என்பேன். வாக்கு எண்ணிக்கை அதன் விளைவு மட்டுமே.

யாரிடம் பேசுகிறார்கள் என்பதையும் கூர்ந்து பார்க்க வேண்டும். 2015-இல் விக்டர் ஓர்பான் தலைமையிலான ஹங்கேரி அரசு அரசுச் செலவிலேயே பெரிய பெரிய விளம்பரப் பலகைகள் வைத்தது. 'நீ ஹங்கேரிக்கு வந்தால், ஹங்கேரியர்களின் வேலையைப் பறிக்கக் கூடாது' என்று அகதிகளை நோக்கிய அறிவுரை அதில் இருந்தது. எழுதியிருந்தது ஹங்கேரிய மொழியில். சிரியாவிலிருந்து நடந்து வந்தவர் அதில் ஓர் எழுத்தைக்கூட வாசித்திருக்க மாட்டார். பலகை பேசியது உள்ளூர் வாக்காளரிடம். சில ஆண்டுகள் கழித்து அகதிகளின் இடத்தில் அமெரிக்கச் செல்வந்தர் ஜார்ஜ் சோரோஸின் சிரிக்கும் முகம் அதே பலகைகளில் வந்தது. 2018-இல் விக்டர் ஓர்பான் மூன்றில் இரண்டு பங்கு இடங்களுடன் மீண்டும் வென்றார்.

மகள் வெள்ளையடித்த கட்சி

சத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது எங்கே முடிகிறது என்பதைப் பிரான்ஸ் மிகத் தெளிவாகக் காட்டுகிறது. காரணம் அங்குள்ள தேர்தல் முறை.

விகிதாசாரப் பிரதிநிதித்துவம் உள்ள நாட்டில் பத்துப் பேரில் ஒருவரைக் கவர்ந்தால் நாடாளுமன்றத்தில் பத்தில் ஒரு பங்கு இடம் கிடைக்கும். மீதி ஒன்பது பேர் காறித் துப்பினாலும் கவலையில்லை. பிரான்சில் அதிபர் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் இரண்டு சுற்றுகளாக நடக்கின்றன. முதல் சுற்றில் உங்களை விரும்புகிறவர்கள் போதும். இரண்டாம் சுற்றில் உங்களை வெறுப்பவர்கள் எத்தனை பேர் என்பதே முடிவு செய்யும்.

ஜான்-மரி லெ பென் 1972-இல் தொடங்கிய தேசிய முன்னணி இந்தச் சுவரில் மோதிக்கொண்டே இருந்தது. 1986-இல் ஒரே ஒரு முறை விகிதாசார முறையில் தேர்தல் நடந்தபோது அதற்கு 35 இடங்கள் கிடைத்தன. பழைய முறை திரும்பியதும் 1988-இல் கிடைத்தது ஓர் இடம். வாக்கு விகிதமோ ஏறக்குறைய அதேதான். நாஜிகளின் நச்சுவாயு அறைகள் இரண்டாம் உலகப் போர் வரலாற்றில் ஒரு சிறு விவரம் என்று 1987-இல் வானொலியில் சொன்னவர் அவர். 2002 அதிபர் தேர்தலில் யாரும் எதிர்பாராமல் இரண்டாம் சுற்றுக்கு வந்தார். அங்கே ஜாக் சிராக் 82 சதவீதம் எடுத்தார். லெ பென்னுக்குக் கிடைத்தது 18 சதவீதத்துக்கும் குறைவு. இடதுசாரிகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வலதுசாரி சிராக்குக்கு வாக்களித்தார்கள்.

2011-இல் கட்சித் தலைமைக்கு வந்த மகள் மரீன் லெ பென் அந்த 82-ஐத்தான் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அவர் தொடங்கிய வேலைக்குப் பிரெஞ்சு அரசியலில் 'பேயோட்டுதல்' என்ற பொருளில் ஒரு பெயரே உண்டு. யூத வெறுப்புப் பேச்சுக்குக் கட்சியில் இடமில்லை என்றார். பேச்சை நிறுத்தாத தந்தையை 2015-இல் கட்சியிலிருந்தே நீக்கினார். 2017 பிரசாரத்தில் கட்சியின் பெயரும் லெ பென் என்ற குடும்பப் பெயரும் சுவரொட்டிகளிலிருந்து மறைந்தன. 'மரீன்' மட்டும் மிஞ்சினார், சின்னமாக ஒரு நீல ரோஜாவுடன். 2018-இல் கட்சிக்கே தேசியப் பேரணி என்று புதுப் பெயர்.

2022 தேர்தலில் பூனைகள் வந்தன. மரீனுக்குப் பூனைகள் மீது பிரியம். அதை ஒளிக்காமல் படமும் பேட்டியுமாகக் காட்டினார். மேடையில் குடியேற்றத்தைவிட விலைவாசியைப் பற்றி அதிகம் பேசினார். பெட்ரோல், மின்சாரம், எரிவாயு மீதான மதிப்புக் கூட்டு வரியை 20 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாக்குவேன் என்றார். இன்னொரு வாய்ப்பும் தானாக வந்து அமைந்தது. எரிக் செமூர் என்ற பத்திரிகையாளர் அவரைவிடக் கடுமையாக முஸ்லிம்களுக்கு எதிராகப் பேசிக் களத்தில் இறங்கினார். பக்கத்தில் செமூர் நின்றதால் மரீன் மிதவாதியாகத் தெரிந்தார். இரண்டாம் சுற்றில் அவருக்குக் கிடைத்தது 41.5 சதவீதம். தந்தைக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் கிடைத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதையடுத்து வந்த நாடாளுமன்றத் தேர்தலில் 89 பேர் வென்றார்கள். அவர்களுக்குக் கட்சி சொன்னது: டை கட்டுங்கள், கத்தாதீர்கள்.

கொள்கை மாறியதா? அரசு வீடு, வேலை, உதவித்தொகை எல்லாவற்றிலும் பிரெஞ்சுக் குடிமக்களுக்கே முன்னுரிமை என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது. மாறியது தொனி. ஒரே கடைக்குத் தெருப்பக்கம் ஒரு வாசலும் கொல்லைப்பக்கம் ஒரு வாசலும் வைப்பது போலத்தான்: பழைய ஆதரவாளர் கொல்லை வழியாக வந்து தனக்குப் பழக்கமான சரக்கை வாங்கிக்கொள்கிறார், விலைவாசியால் நொந்த புதியவர் முன்வாசலில் பூனையைப் பார்த்துவிட்டு நுழைகிறார்.

நெதர்லாந்தில் கீர்ட் வில்டர்ஸ் இதை ஒரே மாதத்தில் செய்து காட்டினார். குர்ஆனுக்குத் தடை கேட்டு ஆண்டுக்கணக்கில் முழங்கியவர், 2023 தேர்தல் நெருங்கியபோது அந்தக் கோரிக்கைகளைத் தற்காலிகமாகக் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன் என்றார். தேர்தல் அறிக்கையில் அவை அச்சிட்டபடியே இருந்தன. 150 இடங்களில் 37-ஐப் பிடித்து அவரது சுதந்திரக் கட்சி முதலிடத்துக்கு வந்தது. அந்தக் கட்சியின் ஒரே உறுப்பினர் வில்டர்ஸ் என்பது ஒரு வேடிக்கையான உண்மை. உட்கட்சித் தேர்தல் என்ற தொல்லையே கிடையாது.

பாட்டியின் ஓய்வூதியம்

தொழிலாளர் வாக்குகள் எப்படி இடம் மாறுகின்றன என்று கேட்பவர்கள் 2021 ஏப்ரலில் மாட்ரிட் நகரின் சோல் ரயில் நிலையத்தில் ஸ்பெயினின் வோக்ஸ் கட்சி வைத்த விளம்பரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் முகத்தை மூடிய ஒரு கறுத்த இளைஞன். மறுபக்கம் கவலையோடு ஒரு மூதாட்டி. துணையின்றி வந்த வெளிநாட்டுச் சிறுவனுக்கு மாதம் 4,700 யூரோ, உன் பாட்டிக்கு ஓய்வூதியம் 426 யூரோ என்று எழுதியிருந்தது.

அந்த 4,700 யூரோ எந்தச் சிறுவன் கையிலும் கொடுக்கப்படுவதல்ல. காப்பகத்தின் கட்டடம், ஊழியர் சம்பளம், சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்துத் தலைக்கு வகுத்த செலவு. பாட்டியின் தொகையோ, கிடைக்கக்கூடிய ஓய்வூதியங்களில் மிகக் குறைந்த வகையைச் சேர்ந்தது. வழக்குத் தொடுத்தார்கள், விளம்பரத்தை அகற்ற நீதிமன்றம் மறுத்துவிட்டது. கணக்கை மறுத்து எழுதப்பட்ட ஒவ்வொரு கட்டுரையும் அந்த இரண்டு எண்களை இன்னொரு முறை அச்சிட்டது.

இந்த விளம்பரம் நலத்திட்டத்தை எதிர்க்கவில்லை என்பதைப் பாருங்கள். பாட்டிக்கு இன்னும் கொடு என்கிறது. அவனுக்குக் கொடுக்காதே என்கிறது. டென்மார்க் மக்கள் கட்சி தொண்ணூறுகளின் இறுதியிலிருந்தே இந்த வாதத்தைத்தான் பேசி வளர்ந்தது. இடதுசாரிகளின் 'எல்லோருக்கும்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதை அப்படியே வைத்துக்கொள்ளும் உத்தி இது.

கைப்பேசிக்குள் வந்த தலைவர்கள்

'பத்திரிகைகள் நமக்கு எதிரி' என்று நம்புகிற கட்சி, சொந்த ஊடகத்தை மற்றவர்களுக்கு முன்பே தொடங்கிவிடும். ஆஸ்திரியச் சுதந்திரக் கட்சி 2012-லேயே யூடியூபில் தனக்கென ஓர் அலைவரிசை வைத்தது. இத்தாலியில் லீக் கட்சித் தலைவர் மத்தேயோ சல்வீனியின் சமூக ஊடகப் பிரிவுக்கு 'மிருகம்' என்று செல்லப்பெயர். 2018-இல் அவர்கள் ஃபேஸ்புக்கில் ஒரு போட்டி நடத்தினார்கள்: சல்வீனியின் பதிவுக்கு முதலில் விருப்பக்குறி போடுகிறவர்களுக்கு அவரே தொலைபேசியில் பேசுவார். அரசியல் கூட்டத்துக்கு வராத ஆயிரக்கணக்கானோர் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பதிவுகள் மேலும் மேலும் பரவின.

டிக்டாக்கில் இது இன்னும் நெருக்கமாகிவிட்டது. ஜெர்மனிக்கான மாற்று என்ற ஏஎஃப்டி கட்சியின் மக்ஸிமிலியான் கிரா, தனிமையில் இருக்கும் இளைஞர்களைப் பார்த்து நேராகக் கேமராவில் பேசினார்: மூன்றில் ஓர் இளைஞனுக்குக் காதலி கிடைத்ததில்லை, நீயும் அவர்களில் ஒருவனா? ஆபாசப் படம் பார்க்காதே, பசுமைக் கட்சிக்கு வாக்களிக்காதே, வெளியே போய்க் காற்று வாங்கு. உண்மையான ஆண்கள் வலதுசாரிகள். அரசியல் இதில் எத்தனை சொற்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிரான்சில் தேசியப் பேரணியின் ஜோர்டான் பார்டெல்லாவோ அரசியலே பேசாமல், இனிப்புத் தின்பதும் சிரிப்பதுமாகப் பல பதிவுகள் போட்டார். 1995-இல் பிறந்தவர், 2022-இல் கட்சித் தலைவரானார். டிக்டாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவரைப் பின்தொடர்ந்தார்கள்.

இரண்டு குரலையும் ஒரே நேரத்தில் பேசுவது எப்போதும் கைகொடுப்பதில்லை. 2024 மே மாதம், ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன், நாஜிகளின் எஸ்.எஸ். படையில் இருந்த எல்லோரையுமே குற்றவாளிகள் என்று சொல்லிவிட முடியாது என்று கிரா இத்தாலிய நாளிதழுக்குப் பேட்டி கொடுத்தார். பதின்மூன்று ஆண்டுகளாகப் பேயோட்டிக்கொண்டிருந்த மரீன் லெ பென் கொதித்துப்போனார். சில நாட்களிலேயே ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இரு கட்சிகளும் இருந்த குழுவிலிருந்து ஏஎஃப்டி வெளியேற்றப்பட்டது. ஆனாலும் ஜெர்மனியில் அது கிட்டத்தட்ட 16 சதவீதம் எடுத்தது. பிரான்சில் பொறுக்க முடியாதது ஜெர்மனியில் ஓரளவு பொறுக்கப்பட்டது.

ஏஎஃப்டியின் இன்னொரு தந்திரம் காதுக்கானது. நாஜிகளின் எஸ்.ஏ. படை பயன்படுத்திய, 'எல்லாம் ஜெர்மனிக்காக' என்று பொருள்படும் முழக்கத்தைச் சொன்னதற்காக அக்கட்சியின் பியோர்ன் ஹோக்கேவுக்கு 2024-இல் நீதிமன்றம் 13,000 யூரோ அபராதம் விதித்தது. அடுத்த ஆண்டு, அலிஸ் வைடல் பிரதமர் வேட்பாளரானபோது, 'அலிஸ் ஃபூர் டாய்ச்லாண்ட்' என்று கூட்டம் முழங்கியது. தடை செய்யப்பட்ட முழக்கம் 'அலெஸ் ஃபூர் டாய்ச்லாண்ட்'. வேட்பாளர் பெயரைச் சொன்னதற்கு யார் வழக்குப் போடுவது? 2025 பிப்ரவரியில் கட்சி 20.8 சதவீதத்துடன் இரண்டாமிடம் பிடித்தது.

வேண்டாத நாடாளுமன்றம் கொடுத்த வாழ்வு

ஐரோப்பிய ஒன்றியத்தை வசைபாடும் இக்கட்சிகளை வளர்த்ததில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தத் தேர்தல் எல்லா நாட்டிலும் விகிதாசார முறையில் நடக்கிறது. அரசு கவிழாது என்பதால் வாக்காளர் துணிந்து கோபத்தைக் காட்டுவார். 1981-இல் அதிபர் தேர்தலில் நிற்கத் தேவையான 500 பிரதிநிதிகளின் கையெழுத்தைக்கூடத் திரட்ட முடியாத ஜான்-மரி லெ பென், 1984 ஐரோப்பியத் தேர்தலில் ஏறக்குறைய 11 சதவீதமும் 10 இடங்களும் பெற்றார். அங்கிருந்து சம்பளம், உதவியாளர், மேடை எல்லாம் கிடைத்தன. அந்த உதவியாளர் நிதியைக் கட்சி வேலைக்குத் திருப்பிவிட்டதாக 2025 மார்ச் 31 அன்று மரீன் லெ பென் தண்டிக்கப்பட்டார். ஐந்தாண்டுகள் தேர்தலில் நிற்கத் தடை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு செய்த அவர், இது அரசியல் தீர்ப்பு என்றார்.

2024 ஜூன் 9 அன்று பார்டெல்லா தலைமையிலான பட்டியல் 31 சதவீதத்துக்கும் மேல் பெற்றது. அன்றிரவே அதிபர் மக்ரோன் தேசிய அவையைக் கலைத்தார். முதல் சுற்றில் தேசியப் பேரணி அணி மூன்றில் ஒரு பங்கு வாக்குகளுடன் முதலிடம். பிறகு ஒரு வாரத்துக்குள் 200-க்கும் மேற்பட்ட மற்றக் கட்சி வேட்பாளர்கள், வாக்குப் பிரியக் கூடாது என்று தாங்களாகவே விலகிக்கொண்டார்கள். அந்த அணி சுமார் 140 இடங்களுடன் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டது. 2002-இன் சுவர் தேய்ந்திருந்தது, ஆனால் நின்றது.

எல்லோரும் இப்படிச் சுவர் கட்டுவதில்லை. டென்மார்க்கில் சமூக ஜனநாயகக் கட்சி குடியேற்றத்தில் தானே கடுமையாகிவிட்டது. மக்கள் கட்சி 2015-இல் பெற்ற 21 சதவீதம் 2019-இல் 8.7 ஆனது. கட்சி மெலிந்தது, அதன் கொள்கை அரசுக் கொள்கையானது. நெதர்லாந்தில் நேர்மாறு: ஆளும் வலதுசாரிக் கட்சி 2023-இல் அகதிகள் பிரச்சினையில் தன் அரசையே கவிழவிட்டு அதையே தேர்தலின் மையமாக்கியது, வில்டர்ஸுடன் கூட்டணிக்கு இடமுண்டு என்ற குறிப்பும் கொடுத்தது. வாக்காளர்கள் நேராக வில்டர்ஸிடமே போனார்கள். நகலைவிட அசலையே மக்கள் விரும்புவார்கள் என்று ஜான்-மரி லெ பென் அடிக்கடி சொன்னதுண்டு. இந்த ஒரு விஷயத்தில் அந்தக் கிழவரின் கணக்கு பலமுறை பலித்திருக்கிறது.

ஆட்சிக்கு வந்த பிறகு என்ன ஆகிறது? வில்டர்ஸ் கூட்டணியில் சேர்ந்தார். 2025 ஜூனில் அகதிக் கொள்கை போதவில்லை என்று தானே வெளியேறினார். அக்டோபர் தேர்தலில் 37 இடங்கள் 26 ஆகின. இத்தாலியின் ஜோர்ஜா மெலோனி வேறு வழியில் போனார். படகுகளைத் தடுக்கக் கடற்படை முற்றுகை என்று பிரசாரம் செய்து 2022-இல் பிரதமரானவர் அவர். மறு ஆண்டு கடல்வழி வந்தவர்கள் 1,57,000-க்கும் மேல், முந்தைய ஆண்டைவிடப் பாதிப் பங்கு கூடுதல். துனிசியாவுடனான ஒப்பந்தத்துக்குப் பின் 2024-இல் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. அதே 2023-இல், பண்ணைகளுக்கும் ஓட்டல்களுக்கும் முதியோர் பராமரிப்புக்கும் ஆள் இல்லை என்ற நெருக்கடியில், அவரது அரசு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருவோருக்கு மூன்றாண்டுகளில் 4,52,000 வேலை அனுமதிகளை ஒதுக்கியது. 2024 ஐரோப்பியத் தேர்தலில் வாக்குச் சீட்டில் 'ஜோர்ஜா' என்று மட்டும் எழுதினால் போதும் என்று மெலோனி மேடையில் கேட்டுக்கொண்டார். அவர் கட்சிக்குக் கிடைத்தது 28.8 சதவீதம், பிரதமரான தேர்தலில் பெற்றதைவிட அதிகம்.